லேட்டரைட்: செங்கல்லின் பெயரைச் சுமக்கும் கல்

கேரளத்தில் வீட்டுச் சுவருக்கு வைக்கும் வெட்டுக்கல்லை ஆங்கிலத்தில் லேட்டரைட் என்கிறார்கள். லேட்டரல் என்றால் பக்கவாட்டு என்று பொருள், அந்தப் பாறை பக்கவாட்டில் பரந்து கிடப்பதால்தான் இப்பெயர் வந்ததா, தமிழில் இதைச் செங்கல் என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகளாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. மண்ணுக்கடியில் இயற்கையாக விளைந்த ஒரு பாறைக்கு, மனிதன் அச்சில் அறுத்துச் செய்யும் பொருளின் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? நிலவியல் படித்து, மேற்குக் கடற்கரையிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் இந்தக் கல்லோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சுருக்கமான விடை வேண்டுமென்றால்: பக்கவாட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, செங்கல்லுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு, ஆனாலும் தமிழில் இதைச் செங்கல் என்று எழுதினால் படிப்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

முதலில் லத்தீன். உங்கள் ஊகம் பிழையென்றாலும் காரணமில்லாமல் வந்ததல்ல. லத்தீனில் பக்கம் என்பதற்கு 'லாட்டுஸ்', செங்கல் என்பதற்கு 'லாட்டெர்'. வெவ்வேறு சொற்கள். ஆனால் ஆறாம் வேற்றுமை ஏற்கும்போது இரண்டும் 'லாட்டெரிஸ்' என்றே ஆகிவிடும். லேட்டரல் என்பது முதல் சொல்லின் வழி வந்தது, லேட்டரைட் இரண்டாவதின் வழி. வேர்ச்சொல்லை அகராதியில் தேடும் பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை பற்றி எழுதிய ரோமானியர் விட்ருவியஸ், 'லாட்டெர்' என்ற சொல்லைப் பெரும்பாலும் வெயிலில் காயவைத்த, சுடாத பச்சைச் செங்கல்லுக்கே பயன்படுத்துகிறார். சூளையில் சுட்டதைக் குறிக்க 'டெஸ்டா' என்ற வேறு சொல் அவரிடம் இருந்தது. சூளையைப் பார்க்காமல், காற்றும் வெயிலும் பட்டே இறுகும் ஒரு கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைத்திருக்காது. பெயர் வைத்தவர் அந்த நுட்பத்தை எண்ணித்தான் வைத்தார் என்று நான் வாதாட மாட்டேன். பொருந்தி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெயர் வைத்தவர் பிரான்சிஸ் புக்கானன். 1762இல் ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவர், தாவரவியலிலும் தேர்ந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் நடக்கிறது என்று அறிந்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். 1800-01இல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், கனரா என்ற கன்னடக் கடலோரம், மலபார் என்று சுற்றி, பார்த்ததையெல்லாம் நாட்குறிப்பாக எழுதினார். அது 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இன்றைய மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் அங்காடிப்புரத்தில் அவர் ஒரு கல்வெட்டாங்குழியைப் பார்க்கிறார். படிவுப் பாறைகளில் இருக்கும் அடுக்குகள் அந்தக் கல்லில் இல்லை. உடலெங்கும் துளைகள், குழிகள். சிவப்பும் மஞ்சளுமாக இரும்புக் காவி நிறைந்திருக்கிறது. மண்ணுக்குள் காற்றுப் படாமல் இருக்கும்வரை எந்த இரும்புக் கருவிக்கும் எளிதாக இடம் கொடுக்கிறது. குந்தாலியால் சதுரமாகப் பெயர்த்தெடுத்து, உடனே கரண்டியாலோ பெரிய கத்தியாலோ வேண்டிய வடிவுக்குச் செதுக்கிவிடுகிறார்கள். பிறகு விரைவிலேயே செங்கல் போல இறுகி, தான் இந்தியாவில் பார்த்த எந்தச் செங்கல்லையும்விட நன்றாகக் காற்றையும் நீரையும் தாங்குகிறது என்கிறார். இந்தக் கல்லுக்கு லேட்டரைட் என்ற பெயரே தகும் என்று முன்மொழிவதும் அந்த நூலில்தான். அங்காடிப்புரத்தில் அந்த இடம் இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். கேரளப் பக்கம் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். புக்கானன் இந்தப் பெயரைக் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. உள்ளூர் மொழிகள் சிலவற்றில் இதை 'இட்டிக கல்லு' என்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார். இட்டிகைக் கல், அதாவது செங்கல்லாகப் பயன்படும் கல். குழிக்குள் நின்று கல் வெட்டியவர்களின் சொல்லைக் கேட்டு, லத்தீன் உடை உடுத்தி அறிவியலுக்குள் அனுப்பிவைத்தார் என்றே சொல்ல வேண்டும். இட்டிகை நமக்கு அந்நியமான சொல்லும் அல்ல. வடமொழியில் இஷ்டகா, பிராகிருதத்தில் இட்டகா, இட்டிகா, தமிழில் இட்டிகை. அகநானூற்றிலேயே 'இட்டிகை நெடுஞ்சுவர்' வருகிறது. கன்னடத்தில் செங்கல் இன்றும் இட்டிகெ, தெலுங்கில் இட்டுக, மலையாளத்தில் இஷ்டிக. கன்னடத்தில் லேட்டரைட்டின் பெயர் ஜம்பிட்டிகெ. அதற்குள்ளும் அதே இட்டிகெ உட்கார்ந்திருக்கிறது. அவர் கன்னடமும் மலையாளமும் துளுவும் பேசும் நாடுகளின் வழியே வந்தவர் என்பதால், 'இட்டிக கல்லு' எந்த மொழிக்காரரின் வாயிலிருந்து அவர் காதில் விழுந்தது என்பதில் மட்டும் ஒரே முடிவு சொல்ல இடமில்லை. கன்னட வாடை அடிக்கிறது என்பது என் கருத்து; அதைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மொழிகள் இந்தக் கல்லை எந்தக் கண்ணால் பார்த்தன என்று தெரிந்துகொள்வதும் சுவையானது. மராட்டியில் ஜாம்பா, நாவல் பழத்தின் கருஞ்சிவப்பைப் பார்த்து வைத்த பெயர் என்பது பொதுவான விளக்கம். இலங்கையில் சிங்களத்தில் கபுக். அது குழி, கல்வெட்டாங்குழி என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. கம்போடியாவின் கெமர் மொழியில் 'பாய் க்ரியம்', அதாவது வறுத்த சோறு. துளைகளும் உருண்டைகளுமாக இருக்கும் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று உடனே விளங்கிவிடும். மலையாளத்தில் வெட்டுக்கல்லு, வெட்டி எடுப்பதால் வந்த பெயர்.

மலையாளத்தில் இன்னொரு பெயரும் உண்டு. உங்கள் இரண்டாவது கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வட கேரளத்தில் இந்தக் கல்லைச் செங்கல்லு என்கிறார்கள். சிவந்த கல், செங்கல்லு. எழுத்துக்கு எழுத்து நேரான பெயர். சூளையில் சுட்டதற்கு அவர்களிடம் இஷ்டிக என்ற தனிச்சொல் இருப்பதால் குழப்பம் வருவதில்லை. நாமோ இட்டிகையைப் பழைய நூல்களில் விட்டுவிட்டு, சுட்ட கல்லுக்கே செங்கல் என்ற பெயரைக் கொடுத்துவிட்டோம். ஆக, மலையாளச் செங்கல்லு குழியில் வெட்டுவது, தமிழ்ச் செங்கல் சூளையில் சுடுவது. ஒரு பழைய கோயிலின் திருப்பணிக் குறிப்பை மலையாளத்திலிருந்து தமிழாக்கிய ஒரு தாள் ஒருமுறை என் கைக்கு வந்தது. மூலத்தில் செங்கல்லு என்றிருந்ததை அப்படியே செங்கல் என்று எழுதியிருந்தார்கள். அதை நம்பியவர், உதிர்ந்த இடத்துக்குச் சூளைச் செங்கல்லை வைத்துச் சுண்ணாம்பு பூச ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நேரில் போய்ப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க வெட்டுக்கல். ஓர் எழுத்துகூட மாறாத மொழிபெயர்ப்பு. ஆனால் சுவரே மாறிப்போயிருக்கும்.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? நல்ல சொற்களே இருக்கின்றன. செம்புரைக்கல் என்பது எனக்கு மிகவும் பிடித்தது. புரை என்றால் உள்துளை. புண் புரையோடியது என்று சொல்கிறோமே, அந்தப் புரை. சிவப்பு, துளை, கல் என்று பாறையின் இலக்கணத்தையே மூன்று அசையில் சொல்லிவிடுகிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் செம்பூரான்கல் என்பதுதான் பேச்சில் புழங்குவது. அது செம்புரையின் திரிபா, செம்பாறையின் திரிபா என்பதில் இரண்டு பக்கமும் பேசலாம். ஒலியை வைத்துப் பார்த்தால் செம்புரைதான் அருகில் நிற்கிறது என்பது என் எண்ணம். பள்ளிப் பாடநூல்களில் வரும் சரளை மண் இதன் உதிர்ந்த உறவு. அதைக் கல்லுக்குப் பெயராக வைக்கக் கூடாது.

இனி, கல்லையே அருகில் வைத்துப் பார்ப்போம். புதிதாக வெட்டிய குழியின் சுவர் முன்னால் நின்றால் மேலிருந்து கீழே கதை எழுதியிருக்கும். மேலே சிறு உருண்டைகள் கலந்த சிவந்த மண். அதன் கீழே வெட்டுவதற்கு ஏற்ற கல்; புழு குடைந்தது போலக் கிளைவிட்டு ஓடும் துளைகள், அவற்றின் உட்சுவரில் மஞ்சள் பூச்சு, சில துளைகளுக்குள் வெளுத்த களிமண் அடைசல். இன்னும் கீழே போனால் சிவப்பு குறைந்து, வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த வழவழப்பான களி. அதற்கும் கீழே பழைய பாறை. அது அழுகி மென்மையாகியிருந்தாலும் அதன் வரிகள் அப்படியே தெரியும். கேரளத்தின் இடைநிலப் பகுதியில் அந்தத் தாய்ப்பாறை பெரும்பாலும் சார்னோக்கைட் அல்லது நைஸ் என்ற கெட்டிப் பாறை. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில், நீர் ஏறி இறங்கும் ஈரக்காலமும் வறட்சிக்காலமும் மாறிமாறி நெடுங்காலம் பாறையைக் கழுவுகின்றன. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலில் கரைந்து போகின்றன. பிறகு சிலிக்காவும் மெல்லமெல்ல வெளியேறுகிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. இரும்பு கோதைட், ஹேமடைட் என்ற கனிமங்களாக மஞ்சளும் சிவப்பும் தருகிறது. அலுமினியம் ஜிப்சைட் என்ற கனிமமாகவும், எஞ்சிய சிலிக்காவோடு சேர்ந்து கயோலினைட் களியாகவும் நிற்கிறது. சேர்த்து வைத்து உண்டான பாறை அல்ல இது, கழித்துக்கொண்டே போய் மிஞ்சிய பாறை. இதே கழிவு அலுமினியத்தின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்தால் அது பாக்சைட் என்ற அலுமினியத் தாது. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இருப்பது அந்த வகை.

வெட்டிய பின் இறுகுகிறதே, அது எப்படி? ஈரம் வெளியேறுகிறது, அதோடு இரும்புச் சேர்மங்கள் நீரை இழந்து, படிகமாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இதுவரை உறுதி. எல்லாச் செம்புரைக்கல்லும் இப்படி இறுகும் என்பது உறுதியல்ல. சில இடங்களில் நிலத்துக்குள்ளேயே இறுகிக் கிடக்கிறது; களி மிகுந்த சில கற்கள் எத்தனை நாள் காய்ந்தாலும் இறுகுவதில்லை. இதை மிகைப்படுத்தி, வெப்பமண்டலக் காட்டை வெட்டினால் நிலம் முழுதும் செங்கல்லாக மாறிவிடும் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இறுகும் தன்மையுள்ள அடுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் அது நடக்கும். வெப்பமண்டலத்துச் செம்மண்ணில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல.

பெயரின் சிக்கலும் இதிலிருந்தே பிறந்தது. கத்தியால் வெட்ட வரும், காய்ந்தால் இறுகும் என்பது கொத்தனாரின் இலக்கணம். நிலவியலாளர்கள் அதை ரசாயன இலக்கணமாக மாற்றப் பார்த்தார்கள். 1911இல் இந்திய நிலவியல் அளவைத் துறையின் லீ பெர்மார், 'லேட்டரைட் என்றால் என்ன?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதி, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் விகிதத்தைக் கொண்டு வகை பிரித்தார். நூறாண்டு கழிந்த பெயருக்கு அப்படி ஒரு கேள்வி தேவைப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லும். பிறகு சிவந்த மண், சரளை, கெட்டியான மேலோடு, நிக்கல் தாது என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. மண்ணியலாளர்கள் சலித்துப்போய், இறுகக்கூடிய அந்த அடுக்குக்கு மட்டும் பிளிந்தைட் என்று புதுப்பெயர் வைத்தார்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்க 'பிளிந்தோஸ்'. பொருள் செங்கல்! லத்தீன் செங்கல்லிலிருந்து தப்பித்துக் கிரேக்கச் செங்கல்லில் வந்து விழுந்திருக்கிறார்கள். வீட்டின் அடிமட்டத்துக்குப் பொறியாளர்கள் சொல்லும் பிளிந்த் என்பதும் அதே வேர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டுகிறவனின் சொல் இந்தக் கல்லை விடுவதாக இல்லை.

கட்டியவர்கள் விட்டுச் சென்றதைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும். திருச்சூர் மாவட்டம் சேரமானங்காட்டில் பெருங்கற்காலத்துக் குடைக்கற்கள் நிற்கின்றன. சாய்த்து நிறுத்திய வெட்டுக்கல் பலகைகளின்மேல் கவிழ்த்த குடை போன்ற மூடி, அதுவும் அதே கல். கண்ணூரில் 1505இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய கோட்டையும், காசர்கோட்டின் பேக்கல் கோட்டையும் கடற்காற்றில் நிற்பது இந்தக் கல்லால்தான். ஒடிசாவின் கோனார்க் கோயிலில் அடித்தளம் இது. கம்போடியாவின் அங்கோர் கோயில்களில் நாம் வியந்து பார்க்கும் மணற்கல் சிற்பங்களுக்குப் பின்னால் சுமை தாங்குவதும், மதில்களும் இதுவே. நுண்ணிய சிற்பம் இதில் வராது, துளைகள் விடாது. அதனால்தான் பல இடங்களில் மேலே பூச்சோ வேறு கல்லோ போர்த்தினார்கள். கோவாவின் பொம் ஜீசஸ் பேராலயத்தில் 1950களில் அந்தச் சுண்ணாம்புப் பூச்சை உரித்து, சிவந்த கல்லை வெளியே காட்டினார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் மழை நேரடியாகக் கல்லில் இறங்குகிறது. மீண்டும் பூச வேண்டும் என்று கட்டடப் பாதுகாப்பாளர்கள் குரல் எழுப்பிவருகிறார்கள். அவர்கள் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். துளையுள்ள கல்லுக்குப் பூச்சு அலங்காரம் அல்ல, தோல்.

தமிழ்நாட்டிலும் இந்தக் கல்லுக்கு ஒரு பெருமை உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி, செம்புரைச் சரளையிலிருந்துதான் வந்தது.

வெட்டுக்கல் வைத்து வீடு கட்டும் எண்ணமும் உங்களுக்கு இருக்கிறது என்று கேள்வியின் கடைசி வரியிலிருந்து தெரிகிறது. ஒரு கல்லின் படத்தை மட்டும் பார்த்து அதன் உறுதியை என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஒரே குழியில் மேல்வரிசைக் கல்லும் ஆறடி கீழே எடுத்த கல்லும் வேறு வேறு தரமாக இருக்கும். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3620 சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அழுத்தத்தையாவது தாங்க வேண்டும் என்கிறது, உறிஞ்சும் நீர் எடையில் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மாதிரிக் கற்களைச் சோதனைக்கு அனுப்பி அந்த இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கல்லை உடைத்து, புதிய முகத்தைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் அடர்ந்து, துளைகளின் சுவர் நகத்துக்கு இடம் கொடுக்காமல் இருந்தால் நல்லது. வெள்ளைத் திட்டுகள் மிகுந்து, விரலால் தேய்த்தால் மாவாக வந்தால் அது களி அடுக்குக்குப் பக்கத்தில் எடுத்த கல். அப்படி ஒரு துண்டை ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். காலையில் தண்ணீர் கலங்கி, அடியில் வெள்ளைச் சேறு படிந்திருந்தால் அந்தக் குழியின் கல்லை வாங்காதீர்கள். குழிக்காரரிடம் இன்னும் மேல்வரிசைக் கல் இருக்கிறதா என்று கேளுங்கள்.